சயின்ஸ் குரூப்புக்கு அடித்த மேளம்

1

இப்போதெல்லாம் யாரும் எதையும் சும்மா செய்வதில்லை. கீரை தின்றால் இரும்புச்சத்துக்கு. நடந்தால் சர்க்கரைக்கு. நெய்வேலி டவுன்ஷிப்பில் காலையில் நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். அத்தனை மரம் நிற்கிறது, ஒருவரும் மரத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைப் பார்க்கிறார்கள். கடிகாரம் போதும் என்று சொன்னால்தான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவார்கள். பூங்காவில் வட்டமாக நின்று, இதயத்துக்கு நல்லது என்று சத்தம் போட்டுச் சிரிக்கிறது ஒரு கூட்டம். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாய் குரைக்கிறது. பிள்ளை பாட்டுக் கற்றுக்கொள்கிறது என்றால் எதற்கு என்று கேட்கிறார்கள். பாட்டுக்காக என்று சொன்னால் போதாதாம். கணக்கு வர வேண்டுமாம், அறிவியல் வர வேண்டுமாம்.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை, கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். கோபம் ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பல நாள் ஆகிவிட்டது. கோபமும் ஆறவில்லை, கதையும் முடியவில்லை.

நான் ஏழாவது வரை படித்தவன். மைன்ஸில் பெல்ட் ஓரம் சிந்துகிற நிலக்கரியை அள்ளிப் போட்டே காலம் போயிற்று. படிக்கப் பழகியது டீக்கடைப் பேப்பரில், எழுதப் பழகியது யூனியன் தட்டியில். பிறகு நாலைந்து கதை அச்சில் வந்தது. கதையை இப்படித்தான் எழுத வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகையால் நான் தடுக்கி விழுகிற இடங்களையும் நீங்கள் பார்க்கத்தான் வேண்டும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"நெய்வேலியின் புகைபோக்கிகள் வானத்தை நோக்கி—"

விட்டுவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவன் எவனும் புகைபோக்கியை விட்டதில்லை. அது பாட்டுக்குப் புகையட்டும்.

இரண்டாவது:

"தமிழ்நிலா பிறக்கும்போதே தாளத்தோடு பிறந்த—"

பொய். அவள் மஞ்சள் காமாலையோடு பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். தாளம் ஒன்றும் இல்லை, அழுகைதான்.

மூன்றாவது:

"இசைக்கும் அறிவியலுக்கும் உள்ள தொடர்பானது தொன்றுதொட்டே அறிஞர் பெருமக்களால்—"

இது என் வரியே அல்ல. இந்தக் கதையில் பின்னால் வரப்போகிற பிரின்சிபால் பேசியது காதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எழுதியதும் பேனாவைத் துடைக்க வேண்டும்போல இருந்தது.

(ஆரம்பம் இல்லாமலே ஆரம்பிக்கிறேன்.)

3

தமிழ்நிலா இப்போதுதான் பத்தாவது முடித்தவள். பெயர் நான் வைத்தது. நிஜப் பெயரை எழுதினால் பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்க்கிற பார்வை மாறும். பள்ளிக்கூடத்தின் பெயரும் வராது. பதினொன்றாவதுக்கு அவள் புதிதாகச் சேரப் போன தனியார் பள்ளி, இங்கிலீஷ் மீடியம், அவ்வளவு போதும்.

அவள் அப்பன் சக்கரபாணி எங்கள் காலனி, எங்கள் தெரு. என்னைப் பெரியப்பா என்பான், ரத்த உறவு கிடையாது. டவுன்ஷிப்பில் விழா நடந்தால் கான்ட்ராக்டில் பந்தல், நாற்காலி, மைக் வேலை. சுற்று வட்டாரத்தில் சாவு விழுந்தால் மேளம். அவன் செட்டில் ஓர் ஆள் குடித்துவிட்டு வராமல் போன நாளில், பெண் குச்சியைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த ஆளை யாரும் தேடவில்லை. வடலூரிலிருந்து குள்ளஞ்சாவடி வரைக்கும் "அந்தப் பொண்ணு வருதா" என்று கேட்டுவிட்டுத்தான் இன்றைக்கு மேளத்துக்குச் சொல்கிறார்கள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அவள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாதபோது ரத்தம் எடுத்த பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்: "ஒரே குத்துல நரம்பப் புடிச்சாங்க தாத்தா. பெரிய டாக்டரு உள்ள வந்தாரு, அவங்க எழுந்திருக்கக்கூட இல்ல. உக்காந்துகினே பேசுனாங்க."

அந்த நாற்காலிக்குப் போக பதினொன்றாவதில் சயின்ஸ் குரூப் வேண்டும். அவள் அறிவியலில் வாங்கியது அறுபத்துமூன்று. அந்தப் பள்ளியில் எழுபத்தைந்துக்குக் கீழே என்றால் சயின்ஸ் கிடையாது. ஆனால் ஒரு சந்து விட்டிருந்தார்கள். அதைச் சொல்ல பிரின்சிபாலை மேடையேற்ற வேண்டும்.

டவுன்ஷிப்பில் ஒரு மண்டபத்தில் பிள்ளைகள் கீபோர்டு வாசிக்கிற விழா. மைக் வேலை சக்கரபாணிக்கு. சாப்பாடு உண்டு என்றான், நானும் போனேன். பிரின்சிபால் கோபாலகிருஷ்ணன் பேசினார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், இனிமையான குரல்.

"இசை பழகுன கொழந்தைக்கு மூளையோட ரெண்டு பக்கமும் வேலை செய்யுமுங்க. இசை இருக்கிற எடத்துல அறிவியல் தானா வரும். அதனாலதான் நம்ம ஸ்கூல்ல சயின்ஸ் குரூப்புக்கு மார்க் கொஞ்சம் கொறைஞ்சாலும், இசை தெரிஞ்ச புள்ளைன்னா நான் எடுத்துக்கறேன். எந்த இசையா இருந்தாலும் சரிங்க."

கை தட்டினார்கள். சக்கரபாணி ஒயரைக் கையில் பிடித்தபடி திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும் சொன்னேன்.

"நம்பாதடா. மேடையில சொல்றத மேடையிலயே உட்டுட்டு எறங்கிடுவானுங்க."

"மைக்கு நான்தான் பெரியப்பா வெச்சேன். எந்த இசையா இருந்தாலும்னு தெளிவாத்தான் கேட்டுச்சு."

4

அவள் வாசித்துக் காட்டிய பிரின்சிபால் அறையில் நான் இல்லை. மூன்று பேர் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். மூன்று பேரும் ஒத்துப்போகாத இடத்தில், எனக்கு எது கோபம் வரவைத்ததோ அதை எடுத்துக்கொண்டேன். வேறு மாதிரி எழுதுகிறவர்கள் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை, பள்ளியின் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் பழைய பேப்பரைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சி, சூடு போகாமல் போர்வையில் சுற்றிக்கொண்டு அப்பனும் மகளும் உள்ளே போனார்கள். ஏசி அறை. பிரின்சிபால், பக்கத்தில் பாட்டு டீச்சர் கிருஷ்ணப்ரியா. டீ கொண்டுவந்த அட்டெண்டர் தனகோடி கதவோரம் நின்றான். அவனை இப்போதைக்கு அங்கேயே நிற்க விடுங்கள்.

"வா கண்ணு. என்ன கொண்டாந்திருக்கே?"

"மேளம் சார். பறை."

"அருமை. நம்ம மண்ணோட கலையாச்சே. வாசி, கேப்போம்."

(இங்கே நான் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். மேளத்தில் அடி என்பது ஒன்றல்ல. சாமி புறப்பாட்டுக்கு ஒன்று, கல்யாணச் சீர் போகும்போது ஒன்று, கபடி நடக்கும்போது ஒன்று. பிணத்தை வாசலிலிருந்து எடுக்கும்போது ஒன்று. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் அடிக்கமாட்டார்கள். எது எதற்கு என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.)

சக்கரபாணி மகளிடம், "உனக்கு எது நல்லா வருமோ அத்த அடி" என்றான். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் எந்தத் தகப்பனும் சொல்வதுதான். அவளுக்கு எது நல்லா வரும்? சாமி வருஷத்துக்கு ஒரு தடவை புறப்படும். கல்யாணத்துக்கு இப்போது கேரளத்துச் செண்டை கூப்பிடுகிறார்கள். சாவு மட்டும்தான் தவறாமல் வருகிறது. அவள் பிணம் எடுக்கிற அடியை அடித்தாள்.

அந்த அடியை எழுத்தில் கொண்டுவர மூன்று பக்கம் கிழித்தேன். "தட தட" என்று எழுதினால் அது லாரி. தெரிந்த மட்டும் சொல்கிறேன். ஆரம்பத்தில், கிளம்ப மனசில்லாதவன் வாசலில் நிற்கிற மாதிரி நின்று நின்று வரும். பிறகு நாலு எட்டு முன்னால் வைக்கும், ஒரு எட்டு பின்னால் வாங்கும். தெருமுனை திரும்புகிற இடத்தில், இனித் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வேகம் எடுக்கும். அதை அவள் அடிக்கும்போது, செத்தவனுக்கு வேண்டாதவனும் தோள் கொடுக்க வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கிருஷ்ணப்ரியா டீச்சர் தொடையில் தாளம் போட்டு, நடுவில் விட்டு, மறுபடி பிடித்தார். "தாளக்கட்டு அசையவே இல்ல சார்" என்றார். பிரின்சிபாலுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா டீச்சர், மூணும் நாலும் மாறி மாறி வருது. இதுதான் கணக்கு. இதைத்தான் நான் மேடை மேடையாச் சொல்றேன். இந்தப் புள்ளைக்கு மார்க் கொறைஞ்சது படிப்புல குத்தமில்ல, யாரோ சொல்லித்தந்ததுல குத்தம். வெள்ளிக்கிழமை வந்து புக் வாங்கிக்க கண்ணு. சயின்ஸ் குரூப்."

சக்கரபாணி அழுதுவிட்டானாம். இல்லை என்கிறான். மகள் ஆமாம் என்கிறாள்.

5

இதற்குள் அரசுப் பள்ளியிலும் சயின்ஸ் குரூப்பில் அவளுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும், அதுதான் கஷ்டம். பிரின்சிபால் வாயால் சொன்ன பிறகு இரண்டு இடத்தை எதற்குப் பிடித்து வைப்பது, வேறொரு பிள்ளைக்குப் போகட்டும் என்று சக்கரபாணி நல்ல மனசோடு போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். மறுநாளே அது வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை புத்தகம் கட்டிக் கொண்டுவரச் சாக்குப்பையோடு போனார்கள். பிரின்சிபால் எழுந்து நின்று பேசினாராம். மரியாதை தெரிந்தவர். மரியாதையாகச் செய்யப்படுகிற அநியாயத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எங்கள் ஆட்களுக்கு இன்னும் பழகவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சக்கரபாணி. காமர்ஸ் குரூப் தர்றேன். நல்ல குரூப்புங்க."

"அன்னிக்கு சயின்ஸுன்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன். அது என்ன அடின்னு எனக்கு அப்பத் தெரியாதுங்களே."

"நல்லாருக்குன்னு சொன்னீங்க சார்."

"நல்லாத்தான் இருந்துச்சு. விஷயம் அதில்லைங்க. ஸ்கூலை நடத்தற எங்க டிரஸ்டி அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. இந்த நேரத்துல ஆபீஸ் ரூம்ல சாவு மேளம் அடிச்சாங்கன்னு வெளிய தெரிஞ்சா நான் என்ன பதில் சொல்றது? இன்னொண்ணு, யோசிச்சுப் பாத்தா இதை மியூசிக்குன்னு சொல்ல முடியாது. இது ஒரு சடங்கு."

அப்போது தமிழ்நிலா கேட்டிருக்கிறாள்: "மூணும் நாலும் மாறி வருதுன்னீங்களே சார். அது இப்பவும் அப்படித்தான் வருது."

பிரின்சிபால் சிரித்தார். "கெட்டிக்காரப் புள்ள" என்றார். காமர்ஸ் குரூப் பாரத்தை எடுத்து நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை வேலை செய்த மூளையின் இரண்டு பக்கமும் வெள்ளிக்கிழமைக்குள் நின்றுபோயிற்று. கீபோர்டுக்கு எந்தச் சாவும் தெரியாது. எந்தப் பிணத்துக்குப் பின்னாலும் அது நடந்ததில்லை. அதனால் அது மியூசிக், அதனால் அது அறிவியல். (இந்த இடத்தில் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தேன். பத்திரிகைக்காரர் எடுக்கச் சொல்வார் என்று நானே எடுத்துவிட்டேன். எந்த வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும்.)

6

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். பிரின்சிபாலைப் பிடித்துப் பார்த்தேன், அவர் சிரித்துக்கொண்டே இருப்பதால் கையில் நிற்கவில்லை. கதவோரம் நின்ற தனகோடி அகப்பட்டான். எங்கள் காலனிக்காரன், அடுத்த தெரு. அது என்ன அடி என்று பிரின்சிபாலுக்குச் சொன்னது அவன்தான். இப்படி எழுதினேன்:

"தனகோடியின் கண்களில் நரித்தனம் மின்னியது. அவன் முதலாளியின் காதருகே குனிந்து—"

அதற்கு மேல் ஓடவில்லை. அவன் கண்ணை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. வடலூர் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் பழக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினான். விடவில்லை.

"ஏண்டா போட்டுக் குடுத்த?"

"நா போட்டுக் குடுக்கல பெரியப்பா."

"அப்ப சொவுரு சொல்லுச்சா?"

"அந்தப் பொண்ணு அடிச்சிதுல்ல, நா ட்ரேய கீழ வெச்சுட்டேன். செருப்பக் கழட்டிட்டேன். கையக் கூப்பிகினு நின்னுட்டேன். எனக்கே தெரியல பெரியப்பா. எங்கப்பன எடுத்தப்ப அடிச்ச அடி அது. அவங்க போனப்புறம் சாரு கேக்கறாரு, ஏன் தனகோடி கும்புட்டேன்னு. பக்தியா, கலைக்கு மரியாதையான்னு சந்தோசமாக் கேக்கறாரு."

"சாமி அடின்னு சொல்றதுதானே."

"வாயில வரல. பொணம் எடுக்கறப்ப அடிக்கிறது சாருன்னு சொல்லிட்டேன். அவரு மொவம் செத்துப்போச்சு."

"அப்புறம்?"

"ரூமக் கழுவச் சொன்னாரு. மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொன்னாரு. நாந்தான் தெளிச்சேன்."

"என்ன படிச்சவர்டா அவரு?"

"எம்.எஸ்ஸி. பிசிக்ஸ், பெரியப்பா. போர்டுல போட்டிருக்கு."

எங்கள் பக்கத்தில் அந்த அடி காதில் விழுந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்குவான். செருப்பைக் கழற்றி ஓரமாக நிற்பான். போவது யார் என்று கேட்கமாட்டான். தனகோடி செய்தது அதைத்தான். அந்தப் பெண்ணின் கையில் சத்தியம் இல்லாமல் இருந்திருந்தால் அவன் ட்ரேயைப் பிடித்துக்கொண்டே நின்றிருப்பான், அவளுக்கு சயின்ஸ் குரூப் கிடைத்திருக்கும். அவள் சுமாராக அடித்திருக்க வேண்டும்.

நரித்தனத்தை அடித்துவிட்டேன். கதையில் வில்லன் இல்லை. கோபம் மட்டும் உட்கார இடம் கிடைக்காத ஆள் மாதிரி நின்றுகொண்டிருக்கிறது.

7

எழுதியவரைக்கும் தமிழ்நிலாவிடம் கொடுத்தேன். அவள் கதை, அவள் படிக்க வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்தே படித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை.

"என்ன தாத்தா, தமிழ்நிலாவா? பேச்சுப் போட்டிக்கு வைக்கற பேரு மாதிரி இருக்குது."

"வேற என்ன வெக்கட்டும்?"

"இருக்கட்டும். இது என்ன, அறிவியல்ல தொண்ணூத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்க?"

(முதல் படியில் அப்படித்தான் எழுதியிருந்தேன். நீங்கள் மேலே படித்த அறுபத்துமூன்று பிறகு மாற்றியது.)

"கதைதானே. மேளம் அடிக்கறவ அறிவியல்லயும் புலின்னு காட்டுனா அந்தாளு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருக்கும்."

"தொண்ணூத்தெட்டு எடுத்திருந்தா நான் ஏன் தாத்தா மேளத்தத் தூக்கிகினு அங்க போறேன்? நேராப் போயி சீட்டு வாங்கிகினு வந்திருப்பேன்."

பெல்ட் ஓரத்தில் நின்ற காலத்திலிருந்து என்னிடம் இப்படி யாரும் கணக்குக் கேட்டதில்லை.

"எனக்கு மின்சாரம் பாடம் புரியல. ரத்த ஓட்டம் பாடம் நல்லாப் புரிஞ்சிச்சு. அவ்ளோதான். அடிக்கறப்ப நான் மூணு நாலுன்னு எண்ணறதில்ல. பாடைக்குத் தோளு குடுக்கறவங்க காலத்தான் பாப்பேன். அவங்க தடுமாறுனா நான் கொஞ்சம் நிறுத்துவேன். இதுக்கும் மார்க்குக்கும் என்ன இருக்குது?"

"அப்ப ஒண்ணுமே இல்லன்னு எழுதிடவா?"

"அத்தயும் எழுதாதீங்க. அப்புறம் மேளம் அடிக்கறவங்களுக்கு சீட்டு எப்படிக் குடுப்பாங்க?"

8

இசைக்கும் அறிவியலுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா? இவ்வளவு எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் போக முடியாது.

மைன்ஸில் நிறைய எஞ்சினியர்களைப் பார்த்திருக்கிறேன். வெங்கடேஷ் என்று ஒருவர், மதுரைப் பக்கம். அவர் பாட ஆரம்பித்தால் கேன்டீனில் டம்ளர் சத்தம் நின்றுவிடும். நின்றுபோன மெஷின் அவர் கை பட்டால் ஓடும். சரி, சம்பந்தம் உண்டு என்று நினைப்பேன். அவருக்கு அடுத்த ஷிப்டுக்காரர் ஒருவர். ஆயுத பூஜையில் பஜனைக்குக் கை தட்டச் சொன்னால், எல்லோரும் தட்டி முடித்த பிறகு தட்டுவார். அவர் கை பட்டாலும் மெஷின் ஓடும். எங்கள் தெருவிலேயே நாதஸ்வரம் வாசிக்கிற ஒருவன், வீட்டில் பியூஸ் போனால் மூன்று நாள் இருட்டில் உட்கார்ந்திருப்பான்.

பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம். செய்யட்டும். யாரை உட்கார வைத்துச் செய்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். பாட்டு வாத்தியார் வீடு தேடி வருகிற வீட்டில் டியூஷன் வாத்தியாரும் வருவார். அந்தப் பிள்ளைக்குப் பாட்டும் வரும், கணக்கும் வரும். பாட்டினால் கணக்கு வந்ததா, கணக்கினால் பாட்டு வந்ததா, இரண்டும் கேட் திறந்து உள்ளே வந்ததா? எனக்கு மூன்றாவதுதான் படுகிறது. நான் ஏழாவது. தப்பாக இருக்கலாம்.

ஆனால் கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய சிக்கல். தமிழ்நிலா அறிவியலில் புலி என்று எழுதினால், பிரின்சிபால் சொன்னது சரி என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. மக்கு என்று எழுதினால், பறை இசையே இல்லை, அதனால்தான் அறிவியல் வரவில்லை என்பார்கள். அறுபத்துமூன்று என்று உள்ளதை எழுதினால் கதையில் ஒன்றுமே இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். அறுபத்துமூன்று வாங்குகிற பெண்ணுக்கு, அற்புதமாக மேளம் அடித்தாலும், கதையிலும் இடம் இல்லை, குரூப்பிலும் இடம் இல்லை.

9

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் பிரின்சிபால் வீட்டில் ஒரு சாவு விழுகிறது. அவரே வந்து அந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறார். அவர் கண் திறக்கிறது. எழுதும்போது எனக்குச் சுகமாக இருந்தது. அதனால்தான் கிழித்தேன். ஒருவர் திருந்துவதற்காக இன்னொருவரைச் சாகடிப்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவதில் இருபது வருஷம் கழித்து அவள் பெரிய விஞ்ஞானி. மேடையில் பறையைத் தூக்கிக் காட்டுகிறாள். அந்த மேடைக்கும் சக்கரபாணியைப் போல ஒருவன்தான் மைக் வைத்திருப்பான் என்று தோன்றியதும் எழுத முடியவில்லை.

மூன்றாவது: "காமர்ஸ் குரூப்பில் சேர்ந்த தமிழ்நிலா தன் விதியை நொந்து—"

அவள் நொந்துகொள்ளவில்லை. நொந்துகொண்டிருப்பது நான்.

நாலாவதை யோசித்துக்கொண்டிருந்தபோது நிஜத்திலேயே ஒன்று நடந்துவிட்டது. பிரின்சிபால் போன் செய்தார். டிரஸ்டி அம்மா தேறி வந்துவிட்டாராம். கிருஷ்ணப்ரியா டீச்சர் விடாமல் பேசினாராம், அவருக்கு நான் இந்தக் கதையில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்க வேண்டும். டிரஸ்டி அம்மா முன்னால் இன்னொரு தடவை வந்து வாசிக்கட்டும், ஆனால் மங்களகரமாக, வேறு ஒன்று. அது சரியாக இருந்தால் சயின்ஸ் குரூப்.

சக்கரபாணி வீட்டில் இதைச் சொன்னதும் நான் கத்திவிட்டேன்.

"போவாதீங்கடா. ரூமக் கழுவ வெச்சவன் வாசல்ல மறுபடியும் போயி நிக்கணுமா?"

தமிழ்நிலாதான் பேசினாள்.

"போவேன் தாத்தா."

"அவனுங்களுக்குப் புடிச்சத அடிக்கவா?"

"எனக்கு சயின்ஸ் குரூப் வேணும். நீங்க கோவப்படுங்க. நான் படிக்கிறேன்."

சக்கரபாணி மெதுவாகக் கேட்டான். "எத்தம்மா அடிக்கப் போற? கல்யாண அடியா?"

"அங்க போயிப் பாத்துக்கறேன்."

அவள் அம்மா மேளத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள். கைக்கு வேலை இருப்பவர்கள் வாதத்துக்கு வருவதில்லை.

10

காலையில் நானும் போனேன். போகக்கூடாது என்று சொன்னவன் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். அவர்கள் உள்ளே போனார்கள், நான் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். கேட்டை ஒட்டிய ஆபீஸ் ரூம் ஜன்னலைத் தனகோடி திறந்துவிட்டுப் போனான். ஏசியை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, வயசான அம்மாவுக்குக் குளிர் ஆகாது. உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. "வா கண்ணு" என்கிற குரல் கேட்டது.

இங்கே நின்றுதான் கதையின் முடிவைக் கேட்க வேண்டும். அவள் கல்யாண அடியை அடித்து, சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். வந்தால் நான் சந்தோஷப்பட வேண்டும், பட முடியுமா தெரியவில்லை. பழைய அடியையே அடித்துவிட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வரலாம். அப்படி வந்தால் நீங்களும் நானும் கை தட்டுவோம். நாம் கை தட்டுவோம், அவள் காமர்ஸ் படிப்பாள். லேபில் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள். கை தட்டுகிற சுகத்துக்காக ஒரு பெண்ணின் நாற்காலியை எடுத்துக்கொள்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. பிரின்சிபால் நினைத்த மாதிரி முடிகிற கதையை எழுதவும் எனக்குக் கை வராது.

ஒரு தட்டு கேட்டது.

தோல் நன்றாகக் காய்ந்திருந்தது. சத்தம் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. ஒரு தட்டை வைத்துக்கொண்டு அது எந்த அடி என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல இரண்டாவது தட்டு வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறாள் என்று தெரிய வேண்டும்.

நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன். ரோட்டில் ஒரு லாரி நல்ல இரைச்சலோடு வந்துகொண்டிருந்தது, இரண்டாவது தட்டு காதில் விழாதபடி அதற்குப் பக்கமாகவே போனேன். முடிவு வேண்டுமென்றால் நீங்கள் நின்று கேளுங்கள். கேட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். சீட்டு கிடைத்தது என்றாலும் சரி, கிடைக்கவில்லை என்றாலும் சரி, பாட்டு வருகிறவனுக்குப் படிப்பு வரும் என்று அந்த மனுஷன் மேடையில் சொன்னதை நான் நம்பப்போவதில்லை. அன்றைக்கும் நம்பவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து யோசித்தும் நம்பவில்லை.